'வெரி' என்ற சொல்லின் பிறப்பும் வளர்ப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி நோட்டில் ஆசிரியர் சிவப்பு மையில் எழுதும் 'வெரி குட்' முதல், ஆங்கிலத்தில் நாம் முதலில் பழகும் சொற்களில் ஒன்று 'வெரி'. குணத்தின் அளவைக் கூட்டிச் சொல்லும் வினையடை என்று இலக்கணப் புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடும். அந்தச் சொல்லுக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. லத்தீனில் பிறந்து, பிரெஞ்சில் வளர்ந்து, ஆங்கிலத்தில் வேறு வேலைக்குப் போன சொல் அது. ஆங்கிலம் கற்பவர்களும் கற்பிப்பவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை எடுத்துக்கொண்டு அந்தக் கதையைச் சொல்கிறேன்.

'வெரி' எந்த மொழியிலிருந்து வந்தது?

லத்தீனில் 'வேருஸ்' என்றால் மெய்யானது, உண்மையானது. அதிலிருந்து, பேச்சு லத்தீனில் 'வேராகுஸ்' என்றொரு வடிவம் வழங்கியிருக்க வேண்டும் என்று மொழியியலாளர்கள் கணிக்கிறார்கள். இந்த வடிவம் எழுத்தில் கிடைக்கவில்லை. பின்னால் வந்த சொற்களை வைத்து மீட்டெடுத்தது. அது பழைய பிரெஞ்சில் 'வெரய்' ஆனது.

1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு கோலோச்சியது. அந்த வழியாக, 13ஆம் நூற்றாண்டில் 'வெர்ரய்' என்ற உருவில் இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. ஆங்கிலம் சொல்லின் முதல் அசையை அழுத்தும் மொழி. அதனால் ஈற்றில் இருந்த 'ரய்' நாளடைவில் தேய்ந்து 'ரி' ஆயிற்று.

பிரெஞ்சில் இதே சொல் சுருங்கி 'வ்ரே' என்று இன்றும் இருக்கிறது. அங்கே அதன் பொருள் மாறவில்லை, 'உண்மையான' என்பதுதான். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டில் ஒன்று தாய்வீட்டுத் தொழிலிலேயே இருக்க, கடல் கடந்து போன மற்றொன்று தொழிலை மாற்றிக்கொண்டது.

அப்படியென்றால் ஆங்கிலத்தில் முதலில் அதற்கு 'மிக' என்ற பொருள் இல்லையா?

இல்லை. முதல் சில தலைமுறைகளுக்கு அது 'மெய்யான' என்ற பெயரடை மட்டுமே.

14ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஆங்கிலேய இறையியலாளர் விக்லிஃப் வழிவந்தவர்கள் பைபிளை லத்தீனிலிருந்து ஆங்கிலமாக்கினார்கள். யோவான் சுவிசேஷம் 15ஆம் அதிகாரத்தில் இயேசு தம்மைத் திராட்சைக்கொடி என்று சொல்லும் இடத்தில், லத்தீனின் 'வித்திஸ் வேரா' என்பதை அவர்கள் 'வெரி வைன்' என்று எழுதினார்கள். மிகுதிக்கு அங்கே இடமே இல்லை. 'மெய்யான கொடி' என்பதுதான் பொருள். 1611இல் மன்னர் ஜேம்ஸ் காலத்து மொழிபெயர்ப்பு வெளிவந்தபோது அதே இடத்தில் 'ட்ரூ வைன்' என்று இருந்தது. நம் தமிழ் பைபிளில் 'நான் மெய்யான திராட்சச்செடி'.

அதே காலத்து ஆங்கிலக் கவிஞர் சாசர் தம் 'கேன்டர்பரி கதைகள்' முன்னுரையில் வீரன் ஒருவனை 'வெர்ரய், பார்ஃபிட் ஜென்டில் நைட்' என்று அறிமுகம் செய்கிறார். இன்றைய கண்ணோடு படிப்பவர்கள் அதை 'மிகவும் குறையற்ற வீரன்' என்று எடுத்துக்கொள்வார்கள். சாசர் சொன்னது 'மெய்யான, குறையற்ற, பண்புள்ள வீரன்'. கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுத்தவர்கள் பலர் தடுமாறும் இடம் இது. ஒற்றைச் சொல்லின் பழம்பொருள் தெரியாததால் பெயரடை ஒன்றே காணாமல் போய்விடுகிறது.

1549இல் வெளிவந்த ஆங்கிலத் திருச்சபையின் பொது வழிபாட்டு நூலில் நைசீன் விசுவாசப் பிரமாணம் 'வெரி காட் ஆஃப் வெரி காட்' என்று வரும். கடவுளுக்கு 'மிக' போட முடியுமா என்று யாருக்கும் சந்தேகம் வர வேண்டியதில்லை. லத்தீன் மூலம் 'தேயும் வேரும் தே தேயோ வேரோ'. தமிழ்க் கத்தோலிக்கத் திருப்பலியில் 'உண்மைக் கடவுளினின்று உண்மைக் கடவுளாக' என்று சொல்வது இதைத்தான்.

'உண்மை' எப்படி 'மிக' ஆனது?

எனக்கு இந்தச் சொல்லின் வரலாற்றில் மிகப் பிடித்த பகுதி இது.

'வெரி' ஒரு பெயர்ச்சொல்லின் முன்னால் நின்றவரை சிக்கல் இல்லை. 'வெரி நைட்' என்றால் மெய்யான வீரன், அவ்வளவுதான். இடையில் இன்னொரு பெயரடை வந்து உட்காரும்போது, கேட்பவருக்கு இரண்டு வழி திறக்கிறது. 'மெய்யான நல்ல மனிதன்' என்று ஒரு தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 'மெய்யான' என்பது மனிதனைச் சேருமா, 'நல்ல' என்பதைச் சேருமா? மனிதனோடு சேர்த்தால் அவன் அசல் மனிதன், நல்லவனும்கூட. 'நல்ல' என்பதோடு சேர்த்தால் அவனுடைய நல்ல தன்மை மெய்யானது. ஒருவன் மெய்யாகவே நல்லவன் என்று அழுத்திச் சொல்லும்போது, கேட்பவர் மனதில் 'சாதாரண நல்லவன் இல்லை, ஒரு படி மேல்' என்றுதான் பதிகிறது.

பேசுகிறவர் உண்மைக்கு உத்தரவாதம் தருகிறார். கேட்கிறவர் அதை அளவாக வாங்கிக்கொள்கிறார். இது ஆயிரம் தடவை, பத்தாயிரம் தடவை நடந்தால், அடுத்த தலைமுறைக் குழந்தை அந்தச் சொல்லை அளவுச் சொல்லாகவே கற்றுக்கொள்ளும். ஆங்கிலத்தில் இது 15ஆம் நூற்றாண்டில் நடந்தேறி, 16ஆம் நூற்றாண்டில் வேர்பிடித்துவிட்டது.

நம் வாயிலும் இது நடக்கிறது. 'உண்மையிலேயே அருமையான சாப்பாடு' என்று சொல்பவரிடம், பொய்யான அருமை என்று ஒன்று இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. 'ரொம்ப அருமை' என்றுதான் காதில் விழுகிறது. ஐரிஷ் மொழியில் 'ஃபீயோர்' என்றால் உண்மை. அதையே ஒரு பெயரடைக்கு முன்னொட்டாகச் சேர்த்தால் 'மிக' என்று பொருள் வரும். அந்த 'ஃபீயோர்', வெல்ஷ் மொழியின் 'க்விர்', ஜெர்மனின் 'வார்' ஆகிய மூன்றும் லத்தீன் 'வேருஸ்' பிறந்த அதே மூலவேரிலிருந்து வந்தவை. மூன்றுக்கும் 'உண்மை' என்பதே அடிப்படைப் பொருள்.

'வெரி' வருவதற்கு முன் ஆங்கிலேயர்கள் 'மிக' என்பதற்கு என்ன சொன்னார்கள்?

இதற்கு ஒரே ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். ஆதியாகமம் முதல் அதிகாரம், 31ஆம் வசனம். படைப்பு முடிந்து, கடவுள் தாம் உண்டாக்கின எல்லாவற்றையும் பார்க்கிறார். தமிழில் 'அது மிகவும் நன்றாயிருந்தது' என்று வரும். லத்தீன் பைபிளில் 'வால்தே போனா'.

கி.பி. 1000ஐ ஒட்டி எல்ஃப்ரிக் என்ற துறவி இதைப் பழைய ஆங்கிலத்தில் எழுதியபோது 'ஸ்வீதெ கோதெ' என்றார். 'ஸ்வீத்' என்றால் வலிமையானது. லத்தீன் 'வால்தே'யும் 'வலிமையாக' என்ற பொருளுள்ள 'வாலிதே' என்பதன் சுருக்கமே. ஆக, இரண்டு மொழியிலும் மிகுதிக்குப் பெயர் வலிமை.

விக்லிஃப் மொழிபெயர்ப்பில் அதே இடத்தில் 'ஃபுல் கோதே'. நிரம்ப நல்லது என்று பொருள். இங்கே தமிழர் ஒருவர் நின்று கவனிக்க வேண்டும்: நாம் நாள்தோறும் சொல்லும் 'ரொம்ப' என்பது 'நிரம்ப' என்பதன் திரிபு. பாத்திரம் நிரம்புவதை வைத்துத்தான் 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயரும் நாமும் மிகுதியைச் சொல்லியிருக்கிறோம்.

1530இல் டிண்டேல் எபிரேயத்திலிருந்து நேரடியாக மொழிபெயர்த்தபோது 'எக்ஸீடிங் குட்' என்று எழுதினார். எல்லை கடந்த நன்மை. கடைசியாக 1611இல் 'வெரி குட்'. அது இன்றுவரை நிலைத்துவிட்டது.

வலிமை, நிறைவு, எல்லை கடத்தல், உண்மை. அறுநூறு ஆண்டு இடைவெளியில் ஒரே வசனம் நான்கு சட்டை மாற்றியிருக்கிறது.

'வெரி' வந்தபின் பழையவர்கள் எல்லாரும் ஓடிவிடவில்லை. 'ஃபுல் வெல்' என்ற தொடரில் 'ஃபுல்' ஒண்டிக்கொண்டிருக்கிறது. 'ரைட் ஆனரபிள்', 'ரைட் ரெவரண்ட்' என்ற பட்டங்களில் வரும் 'ரைட்'டும் ஒருகாலத்தில் 'மிக' என்று பொருள்தந்த சொல். லூக்கா சுவிசேஷத்தில் மேய்ப்பர்கள் 'சோர் அஃப்ரெய்ட்' ஆனார்கள் என்று வருகிறது. அங்கே 'சோர்' என்பது வலி. வலிக்கும் அளவுக்குப் பயம். ஜெர்மனில் 'மிக' என்பதற்கு இன்றும் சொல்லும் 'ஜேர்' இந்தச் சொல்லின் உடன்பிறப்பு.

ஏன் இப்படி மாறிக்கொண்டே இருக்கிறது? ஒரே சொல் போதாதா?

போதாது. மிகுதிச் சொல் எதுவானாலும் புழங்கப் புழங்க அதன் சுருதி இறங்கும். எல்லாவற்றுக்கும் 'வெரி' போட ஆரம்பித்தால் 'வெரி குட்' கடைசியில் 'குட்' அளவுக்கே ஒலிக்கும். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனதைப்போல. அப்போது பேசுகிறவர் புதிதாக ஒன்றைத் தேடுவார். 'ரியலி' என்பது அப்படி வந்தது; அதுவும் லத்தீன் வழி, அதுவும் உண்மையைக் குறித்த சொல். 'டெரிப்ளி' அச்சத்திலிருந்து வந்தது. நம் பிள்ளைகள் 'பயங்கரமா நல்லா இருக்கு' என்று சொல்வதும் அதே பாதைதான்.

தமிழின் பழைய அனுபவமும் இதுவே. 'உறு தவ நனி என வரூஉம் மூன்றும் மிகுதி செய்யும் பொருள' என்று தொல்காப்பியம் உரிச்சொற்களைச் சொல்கிறது. நன்னூல் காலத்தில் அந்தப் பட்டியல் 'சால உறு தவ நனி கூர் கழி' என்று ஆறாக நீள்கிறது. இவற்றில் எதை இன்று கடைத்தெருவில் கேட்கிறோம்? 'நனி' செய்யுளோடு நின்றுவிட்டது. 'சால' தெலுங்கில் 'சாலா' என்று ஜோராக வாழ்கிறது; நாம் விட்டுவிட்டோம். அந்த இடங்களை 'மிக', 'வெகு', 'ரொம்ப', இப்போது 'செம' என்று வரிசையாக வேறு சொற்கள் பிடித்தன.

அந்த வகையில் பார்த்தால் ஐந்து நூற்றாண்டுக்கு மேல் தாக்குப்பிடித்த 'வெரி' அபூர்வமான உழைப்பாளி. இவ்வளவு காலம் ஒரு மிகுதிச் சொல் தன் இடத்தை விடாமல் வைத்திருப்பது எளிதில்லை.

'தி வெரி டே', 'தி வெரி சேம்' என்று வரும்போது 'மிக' என்ற பொருள் பொருந்தவில்லையே?

பொருந்தாது. அங்கே இருப்பது பழைய பெயரடை. 'மெய்யான அந்த நாள்' என்பது 'அதே நாள், வேறொன்றுமில்லை' என்று கூர்மையாகியிருக்கிறது. தமிழில் இதற்கு 'தான்', 'ஏ' என்ற இடைச்சொற்களே போதும்: 'அன்றைக்கேதான்'.

ஈசாக்கு கதையில் இது துல்லியமாகத் தெரியும். கண் மங்கிய கிழவர். இளைய மகன் யாக்கோபு, அண்ணன் ஏசாவின் உடையைப் போட்டுக்கொண்டு, கைகளில் ஆட்டுத்தோலைச் சுற்றிக்கொண்டு ஆசி வாங்க வந்து நிற்கிறான். கிழவருக்குச் சந்தேகம். தடவிப் பார்க்க வேண்டும், கிட்ட வா என்கிறார். 1611 ஆங்கிலத்தில் 'மை வெரி சன் ஈசா' என்று இருக்கிறது. தமிழில் 'ஏசாதானோ அல்லவோ'. அந்த 'வெரி'யின் முழு எடையையும் இந்தத் 'தானோ' தாங்குகிறது. மெய்யான ஆளா, வேடமா என்ற கேள்வி முழுவதும் அந்த ஓரெழுத்து ஈரெழுத்தில் அடங்கிவிட்டது.

'ஐ வெரி லைக் இட்' என்று ஏன் சொல்லக்கூடாது? தமிழில் 'ரொம்பப் பிடிக்கும்' என்கிறோமே.

'வெரி' பெயரடையின் பக்கத்தில் நின்று அளவுச் சொல்லாக மாறியது. அதனால் பெயரடைக்கும் வினையடைக்கும் முன்னால்தான் அதற்கு இடம். வினைச்சொல்லுக்கு முன்னால் அது வந்து நின்றதே இல்லை. வினைக்கு வேண்டுமானால் 'மச்'சைத் துணைக்கு அழைத்து 'வெரி மச்' என்று வாக்கியக் கடைசியில் வைக்கிறார்கள். தமிழின் 'ரொம்ப' பிறப்பிலேயே வினையெச்சம். நிரம்பச் சாப்பிட்டான், நிரம்பப் பேசினான் என்று வினையோடு புழங்கியதால் அதற்கு இந்தத் தடை இல்லை.

இன்னொன்று, நம் நாட்டில் 'வெரி லெஸ் டைம்' என்று சர்வசாதாரணமாக எழுதுகிறார்கள். 'லெஸ்' ஒப்பீட்டு வடிவம். அதன்முன் 'வெரி' சேராது. 'வெரி லிட்டில் டைம்' என்பதே பொது வழக்கு. 'வெரி பெட்டர்' தவறாவதும் இதே காரணத்தால். ஆனால் 'வெரி பெஸ்ட்', 'வெரி ஃபர்ஸ்ட்' சரி. அங்கே அது 'சாட்சாத்' என்ற பழைய வேலையைச் செய்கிறது.

'வேருஸ்' குடும்பத்தில் வேறு யார் யார்?

'வெரிஃபை': உண்மையாக்கு, அதாவது சரிபார். 'அவெர்': உண்மை என்று உறுதிகூறு. 'வெரிட்டி', 'வெராசிட்டி' இரண்டும் வாய்மை.

நீதிமன்றத்தில் வரும் 'வெர்டிக்ட்' சுவையானது. நார்மன் பிரெஞ்சில் 'வெர்டிட்', உண்மை கூறல். ஜூரிகள் சத்தியம் செய்து சொல்வது என்பதால் அந்தப் பெயர். பின்னால் 'சொன்னது' என்று பொருள்படும் லத்தீன் 'டிக்டும்' நினைவுக்கு வந்து நடுவில் 'க்' நுழைத்துவிட்டார்கள். அமெரிக்க நீதிமன்றங்களில் ஜூரிகளைத் தேர்ந்தெடுக்குமுன் நடத்தும் விசாரணைக்கு 'வுவா டீர்' என்று பெயர். பிரெஞ்சு தெரிந்தவர்கள்கூட அதைப் 'பார்ப்பது' என்று தவறாகப் பிரிப்பார்கள். அங்கே 'வுவா' என்பது 'வேரும்' என்ற லத்தீன் சொல்லின் பழைய பிரெஞ்சு உரு. 'உண்மையைச் சொல்' என்பதே பொருள்.

நம் வீட்டுக் குளியலறை அலமாரியிலும் இந்தக் குடும்பத்துச் சொல் இருக்கிறது. 'ஆலோவேரா'வில் வரும் 'வேரா' என்பது 'வேருஸ்' என்பதன் பெண்பால். மெய்யான கற்றாழை என்று பொருள். நம் சோற்றுக்கற்றாழைக்கு இந்த அறிவியல் பெயர் 1768இல் பர்மன் என்ற டச்சுத் தாவரவியலாளர் வழியே நிலைத்தது.

உறவு போலத் தெரிந்து உறவில்லாத சொற்கள்?

'எவ்ரி'க்கும் 'வெரி'க்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை; அது 'எவர்', 'ஈச்' என்ற இரண்டு ஆங்கிலச் சொற்கள் கலந்தது. 'வேறுபடு' என்று பொருள்தரும் 'வேரி', 'வரியுஸ்' என்ற வேறு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வெரோனிகா என்ற பெயரை 'மெய்யான உருவம்' என்று பிரித்துச் சொல்வது பக்தர்களின் விளக்கம். அது பெரனீக்கே என்ற கிரேக்கப் பெயரின் திரிபு. கப்பல்களில் சமிக்ஞைக்குச் சுடும் 'வெரி பிஸ்டல்' எட்வர்ட் வில்சன் வெரி என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரியின் பெயரைத் தாங்கியது.

'வெரிலி' என்பது 'வெரி'யோடு சேர்ந்ததா?

ஆம். 'வெரி'யோடு 'லி' விகுதி சேர்ந்தது. தாய்ச்சொல் அளவு பக்கம் நகர்ந்தபின்னும் இது உண்மையை விடவில்லை. யோவான் சுவிசேஷத்தில் இயேசு 'வெரிலி, வெரிலி' என்று தொடங்கும் இடங்களில் தமிழில் 'மெய்யாகவே மெய்யாகவே உங்களுக்குச் சொல்லுகிறேன்' என்றிருக்கும். இன்றைய பேச்சில் 'வெரிலி' வழக்கொழிந்துவிட்டது.

அறிவியலில் 'வெரி'க்குத் திட்டமான அளவு உண்டா?

வானொலி அலைகளில் உண்டு. 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை 'ஹை' அதிர்வெண். 30 முதல் 300 வரை 'வெரி ஹை'. நாம் கேட்கும் 88 முதல் 108 வரையிலான எஃப்.எம். இதற்குள்தான் வருகிறது. அதற்கு மேல் பத்துப் பத்து மடங்காக 'அல்ட்ரா', 'சூப்பர்', 'எக்ஸ்ட்ரீம்லி' என்று போகும். அல்ட்ரா என்றால் அப்பால், சூப்பர் என்றால் மேலே, எக்ஸ்ட்ரீம் என்றால் கடைக்கோடி. எல்லாம் லத்தீன். எந்தச் சொல் எதைவிடப் பெரிது என்று பொறியாளர்களே வரிசை கட்டிவிட்டார்கள்.

இறங்குமுகமாகப் போனால் 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரை 'வெரி லோ' அதிர்வெண். இதன் அலைநீளம் 10 கிலோமீட்டருக்குக் குறையாது. கடல்நீருக்குள் சில மீட்டர் ஆழம்வரை இறங்கக்கூடியது. அதனால் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்ப உதவுகிறது. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990இல் தொடங்கிய ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கடற்படைத் தளம் இந்த வேலைக்காகவே அமைந்தது.

நல்ல எழுத்தில் 'வெரி'யைத் தவிர்க்க வேண்டும் என்கிறார்களே?

எழுத்துப் பயிற்சி கொடுப்பவர்கள் பெரும்பாலோர் அப்படித்தான் சொல்கிறார்கள். 'வெரி டயர்ட்' என்பதைவிட 'எக்ஸாஸ்டட்' நன்று என்பார்கள். பாதி ஒப்புக்கொள்கிறேன். ஒரு பத்தியில் நான்கு 'வெரி' இருந்தால் மூன்றை எடுத்துவிடலாம். ஆனால் அகராதியைப் புரட்டி அடைமொழியைப் பெரிதாக்கிக்கொண்டே போவதும் அதே நோய்தான். 'இட் வாஸ் வெரி குட்' என்று ஒரு படைப்பையே முடித்துவைக்க முடிந்திருக்கிறது. சுற்றிலும் சொற்கள் அடக்கமாக இருந்ததால் அங்கே அதற்கு எடை வந்தது.

பழைய நூலில் 'வெரி' வந்தால் எந்தப் பொருள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அடுத்த சொல்லைப் பாருங்கள். நேராகப் பெயர்ச்சொல் வந்தால் 'மெய்யான', 'அசல்', 'அதே'. ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் ரோமியோ, குத்துப்பட்ட தன் தோழன் மெர்குஷியோவை 'மை வெரி ஃபிரெண்ட்' என்கிறான். உற்ற நண்பன் என்று பொருள். பெயரடையோ வினையடையோ வந்தால், 16ஆம் நூற்றாண்டுக்குப் பிந்திய நூலில் ஏறக்குறைய எப்போதும் 'மிக'. 14, 15ஆம் நூற்றாண்டு நூலாக இருந்தால் அவசரப்பட வேண்டாம். 'மெய்யான' என்று வைத்து ஒருமுறை படித்துப் பாருங்கள். சாசரின் வீரன் அப்படித்தான் தன் மூன்றாவது அடைமொழியைத் திரும்பப் பெறுகிறான்.

'வெரியஸ்ட்' என்று கண்ணில் பட்டால் சந்தேகமே வேண்டாம். ஷேக்ஸ்பியரில் ஒரு தகப்பன் புது மாப்பிள்ளையைப் பார்த்து, உனக்கு வாய்த்தவள் 'தி வெரியஸ்ட் ஷ்ரூ' என்கிறான். 'மிக' என்பதற்கு உச்ச ஒப்பீட்டு வடிவம் கிடையாது; 'அசல்' என்பதற்கு உண்டு. இருக்கிற வாயாடிகளிலேயே அக்மார்க் வாயாடி என்பதே அந்தத் தகப்பன் சொன்னது.